எபிதுமியான்னா காமம் மட்டும்தானா?

மரத்தடி:
ஒரு டவுட். எங்க பைபிள் ஸ்டடில ஒரு அண்ணன், கிரேக்கத்துல எபிதுமியான்னு ஒரு சொல் இருக்கு, அதுக்கு காமம்னுதான் அர்த்தம், மத்தேயு 5:28-ல "இச்சையோடு பார்க்கிற"ன்னு வர்றது அதுதான், எங்க வந்தாலும் பாவம்தான்னு அடிச்சு சொல்லிட்டார். ஆனா போன்ல கிரேக்க மூலத்த பாத்தா லூக்கா 22:15-லயும் அதேதான் இருக்கு, அங்க பேசுறது இயேசு, அதுவும் பஸ்கா (யூதங்களோட பண்டிகை விருந்து) சாப்பிடுறத பத்தி! யாராவது விளக்குங்களேன்.

ஊர்க்குருவி:
எபிதுமியா வெறும் ஆசைதான் பாஸ், எது மேலங்கறத வச்சுதான் நல்லதா கெட்டதான்னு தெரியும். பிலிப்பியர் 1:23-ல பவுல் கிறிஸ்துகூட இருக்க ஆசைன்னு சொல்றதும் இதேதான். லூக்கா 15:16-ல, அந்த ஊதாரி மகன் கதைல, பன்னி தின்ற தவிட்டயாவது தின்னு வயித்த நிரப்பலாமான்னு இளைய மகன் தவிக்கிறானே, அதுவும் இதோட வினைச்சொல்தான், பசில எங்கருந்து காமம் வந்துச்சு? பத்துக் கட்டளைல பிறனோடது எதுக்கும் ஆசப்படாதேன்னு வருதே, அதோட பழைய கிரேக்க மொழிபெயர்ப்புலயும் இதேதான், அந்த லிஸ்ட்ல பிறனோட மாடு, கழுதையெல்லாம் இருக்கு, உங்க அண்ணன் கணக்குப்படி போனா விபரீதமாயிடும் 😄 தமிழ் பைபிள்ல இடத்துக்கு தகுந்த மாதிரி இச்சை, ஆசைன்னு மாத்தி மாத்தி போட்டதால நமக்கு ஒரே சொல்லுன்னு தெரியாம போச்சு.

அப்புறம் லூக்கா 22:15-ல அந்த சொல் ரெண்டு தடவ வரும், எபிதுமியா எபெதுமேசா. எபிரேய ஸ்டைல்ல அழுத்தி சொல்றது. நாம "ஆசை ஆசையா வந்தேன்"னு சொல்றோமே, கிட்டத்தட்ட அப்படித்தான்.

அரைத்தூக்கம்:
எல்லாம் சரி, ஆனா அண்ணன ஒரேடியா ஓட்டாதீங்க. கிரேக்க தத்துவவாதி பிளேட்டோ பசி, தாகம், காமம் மூணையும் இதுலதான் போட்டார், ஸ்டோயிக்னு ஒரு கிரேக்க தத்துவப் பிரிவு ஆளுங்க மனச ஆட்டிவைக்கிற நாலு உணர்ச்சில ஒண்ணா எண்ணினாங்க, அதனால இந்த சொல்லுக்கு கெட்ட பேரு இயேசுக்கு முன்னாடியே வர ஆரம்பிச்சாச்சு. பிளேட்டோவோட குடியரசு நாலாவது புத்தகத்துல லியோன்டியோஸ்னு ஒருத்தன் கதை வரும், பிரேயஸ் துறைமுகத்துலருந்து ஏதென்ஸுக்கு நடந்து வர்றப்போ மதில் ஓரம் கொலைத்தண்டனை கொடுத்த பொணங்க கிடக்கு, பாக்கணும்னும் இருக்கு அருவருப்பாவும் இருக்கு, மூஞ்சிய மூடிக்கிட்டு போராடிப் பாத்துட்டு கடைசில கண்ண அகல விரிச்சுக்கிட்டு பொணங்க கிட்ட ஓடி, "பாவிகளா, நல்லா பாத்துத் தொலைங்க"ன்னு தன் கண்ணையே திட்டுறான். பாக்கத் துடிச்சதுக்கும் பிளேட்டோ போடுறது இதே சொல்லுதான்.

மரத்தடி:
ரொம்ப நன்றிங்க. அடுத்த வாரம் அந்த கழுதைய மட்டும் அண்ணன்கிட்ட கேட்டுப் பாக்குறேன்.