மும்பையில் இரண்டு நாள்: அறை ஃபோர்ட்டிலா, அந்தேரியிலா?

புதுப்பயணி: ஆகஸ்டில் ஒரு வெள்ளி இரவு நானும் நண்பனும் சென்னையிலிருந்து விமானத்தில் மும்பை போகிறோம். தரையிறங்குவது 9.15. ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். எலிஃபண்டா குகைகளும் பழைய பம்பாய்க் கட்டடங்களும் பார்க்க ஆசை. எங்கே தங்கலாம்?

ஓவல்மைதானம்: தெற்கு மும்பையில் ஃபோர்ட் அல்லது சர்ச்கேட். யோசிக்கவே வேண்டாம். மெட்ரோ மூன்றாம் தடம் 2025 அக்டோபரில் கஃப் பரேட் வரை திறந்துவிட்டது. விமான நிலையத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஃபோர்ட்டில் உள்ள ஹுதாத்மா சௌக்கில் இறங்கலாம். சனிக்கிழமை முழுக்க நடந்தே பார்க்கலாம். ஓவல் மைதானத்தின் நடுவில் நின்று பாருங்கள்: கிழக்கே ராஜாபாய் கோபுரம், உயர்நீதிமன்றம் என்று கூர்மாடக் கோதிக் வரிசை, மேற்கே வளைந்த பால்கனிகளோடு ஆர்ட் டெகோ குடியிருப்புகள். இந்த இரண்டு வரிசையையும் சேர்த்துத்தான் 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது.

போரிவலிஃபாஸ்ட்: நண்பரே, அவர் கேட்டது ஆகஸ்ட். மழைக்காலத்தில் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபண்டா தீவுக்குப் போகும் படகுகளைப் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். ஓடினாலும் கடல் கொந்தளித்தால் அன்றைக்கே ரத்து. அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. பதிலுக்கு கான்ஹேரி போகட்டும். போரிவலி தேசியப் பூங்காவுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள். பாறையில் வெட்டிய வாய்க்கால் வழியே நீர் இறங்கித் தொட்டிகளில் நிறைவதை மழையில்தான் பார்க்க முடியும். மூன்றாம் குகையின் முகப்பில் இரு பக்கமும் ஏறக்குறைய 7 மீட்டர் உயரப் புத்தர். கான்ஹேரி என்றால் வடக்கே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தேரிதான் வசதி.

மெட்ரோவும் இரவு பத்தரை வாக்கில் முடிந்துவிடும். 9.15க்கு இறங்கி, பெட்டிக்குக் காத்து நின்று, விமானமும் அரை மணி தாமதமானால் வண்டி போய்விடும்.

ஓவல்மைதானம்: படகு விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கான்ஹேரிக்காக அந்தேரியில் தங்குவது தவறு. காலையில் சர்ச்கேட்டிலிருந்து லோக்கல் ரயிலில் வடக்கே போவது கூட்டத்துக்கு எதிர்த்திசை, உட்கார இடம் கிடைக்கும். அந்தேரியிலிருந்து காலை ஒன்பது மணிக்குத் தெற்கே ஃபாஸ்ட் (எல்லா நிலையத்திலும் நிற்காத லோக்கல்) பிடித்துப் பாருங்கள். சனிக்கிழமையும் பல அலுவலகங்கள் உண்டு. புதியவர் ஏறுவதே பாடு. ஆட்டோவும் மாஹிம், சயான் தாண்டித் தெற்கே வராது.

போரிவலிஃபாஸ்ட்: அப்படியென்றால் கான்ஹேரி எந்த நாள்? ஞாயிறு என்றால் தண்டவாளப் பராமரிப்புக்கு பிளாக் போடுவார்கள். காலை பத்து முதல் பிற்பகல் மூன்று, நான்கு வரை ஃபாஸ்ட் வண்டிகளையும் ஸ்லோ தடத்தில் விடுவார்கள், சில ரத்தாகும். எந்தப் பகுதியில் என்று முந்தைய நாளே அறிவிப்பு வரும். கான்ஹேரியைச் சனிக்கிழமை முடித்துவிட்டு, ஞாயிறு தெற்கே போவதே நல்லது.

ஓவல்மைதானம்: ஃபோர்ட் அலுவலக வட்டாரம். ஞாயிற்றுக்கிழமை அங்கே பாதிக் கடைகளும் பல பழைய உணவகங்களும் பூட்டியிருக்கும். கட்டடம் மட்டும் பார்த்துவிட்டுப் பசியோடு அலைவதா? தெற்கு சனி, கான்ஹேரி ஞாயிறு. காலை ஏழு மணிக்கே போரிவலி லோக்கல் ஏறிவிட்டால் பிளாக்குக்கு முன்பே போய்ச் சேரலாம். திரும்ப லோக்கலே வேண்டாம். பூங்காப் பக்கம் ராஷ்ட்ரிய உத்யான் நிலையத்தில் மெட்ரோ ஏழாம் தடம். குந்தவலியில் இறங்கி நடைபாலத்தில் முதல் தடத்துக்கு மாறுங்கள், மரோல் நாகாவில் மூன்றாம் தடம். மரோல் நாகாவுக்கு அடுத்த நிலையமே விமான நிலைய முனையம் 2.

போரிவலிஃபாஸ்ட்: அந்த வழி நன்று, ஏற்கிறேன். ஆனால் பையை ஃபோர்ட்டில் விட்டால் அதற்காகத் திரும்பத் தெற்கே போய் வர வேண்டும். தோள்பையோடு மட்டும் வரட்டும். பூங்கா வாசலிலிருந்து குகைகள் ஆறேழு கிலோமீட்டர் உள்ளே. பேருந்துக்குக் காத்திருங்கள், நடக்கக் கிளம்பினால் அரைநாள் போய்விடும். பாசி படிந்த பாறையில் தேய்ந்த செருப்பு வழுக்கும். கையில் தின்பண்டம் தெரிந்தால் குரங்கு பிடுங்கும்.

லோக்கலில் ஒன்று கவனம்: ரயில் பெட்டியின் பக்கத்தில் சாய்ந்த கோடுகள் இருந்தால் முதல் வகுப்பு. அவசரத்தில் இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு ஏறித்தான் பலர் அபராதம் கட்டுகிறார்கள்.

புதுப்பயணி: கைப்பைதான், பெட்டி இல்லை. அப்போது வெள்ளி இரவுக்கு?

போரிவலிஃபாஸ்ட்: வெள்ளி மட்டும் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மரோலில் தங்குங்கள். சனி காலை ஆறரைக்கு மெட்ரோ.

ஓவல்மைதானம்: கைப்பை என்றால் பத்து மணிக்குள் நடைமேடையில் இருப்பீர்கள். இரண்டு இரவும் ஃபோர்ட்டிலேயே எடுங்கள். வண்டி தவறினால் டாக்ஸி, அந்த நேரம் சாலையும் ஓரளவு காலி. டிக்கெட்டில் முனையம் 1ஆ 2ஆ என்று மட்டும் இரண்டு பயணத்துக்கும் தனித்தனியே பாருங்கள். இரண்டுக்கும் வேறு வேறு மெட்ரோ நிலையம். போகும்போது ஒன்று, வரும்போது இன்னொன்றாக இருக்கலாம்.