லூடோவில் ஆறு விழாமல் போவது சதியா?

உப்புவெளியான்:
கடந்த போயா விடுமுறையில் உவர்மலையில் சித்தப்பா வீட்டில் நால்வர் கூடிக் கைத்தொலைபேசியில் லூடோ ஆடினோம். காயை வெளியே எடுக்க ஆறு விழ வேண்டும். எனக்கோ முதல் 14 முறையும் விழவில்லை. அதற்குள் எதிரே இருந்தவரின் இரண்டு காய்கள் பாதி வழி கடந்துவிட்டன. நேர்மையான தாயக்கட்டை இப்படி விழாது. காசு செலவழிப்பவருக்கு ஆறு விழும்படி செயலியை அமைத்திருக்கிறார்கள் என்றே நம்புகிறேன்.

கணித ரீச்சர்:
தம்பி, ஓர் எறிவில் ஆறு விழாதிருக்கும் வாய்ப்பு ஆறில் ஐந்து. 14 எறிவுகளுக்கும் அந்தப் பின்னத்தை 14 தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 8 வீதம் வரும். ஆனால் நால்வரும் 14 முறை எறியும்போது, அவர்களில் எவராவது ஒருவருக்கேனும் அப்படி நேரும் வாய்ப்பு 28 வீதத்தை நெருங்குகிறது. அகப்பட்டவர் தன்னையே குறிவைத்ததாக எண்ணுவார். மற்றவர்கள் மறுநாளே மறந்துவிடுவார்கள். நாணயத்தை 100 முறை சுண்டியதாகக் கற்பனை செய்து எழுதச் சொன்னால், பிள்ளைகள் தலையையும் பூவையும் மாற்றி மாற்றி எழுதுவார்கள்; உண்மையில் சுண்டினாலோ ஒரே பக்கம் 5 தடவை தொடர்ந்து விழாதிருப்பதுதான் அபூர்வம்.

திருக்கடலூர் வாசகர்:
1944இல் லண்டன்மீது ஜேர்மனியின் பறக்கும் குண்டுகள் விழுந்தபோதும் இதே ஐயம் எழுந்தது. சில இடங்களில் குண்டுகள் கூட்டமாக விழுந்ததால், குறிபார்த்தே ஏவுகிறார்கள் என்று பலர் நம்பினார்கள். காப்புறுதிக் கணிப்பாளரான ஆர். டி. கிளார்க் தென் லண்டனை 576 சதுரங்களாகப் பிரித்து, அங்கு விழுந்த 537 குண்டுகளையும் எண்ணி, 1946இல் முடிவை வெளியிட்டார். 229 சதுரங்களில் ஒன்றும் விழவில்லை, 7 சதுரங்களில் நான்கு நான்காக விழுந்திருந்தன. அந்த எண்ணிக்கைகள் தற்செயலுக்குரிய கணக்குடன் வியக்கத்தக்க அளவு பொருந்தின.

உப்புவெளியான்:
குண்டு எங்கு விழுந்தது என்பதை எவரும் போய் எண்ணலாம், ஐயா. செயலியின் உள்ளே நடப்பதை நான் பார்க்க முடியாது. பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பொட்டிஃபை 2014இல் தன் பாடல் கலக்கும் முறையையே மாற்றியது. மாற்ற முடிந்தவர்கள் மாற்றமாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

கணித ரீச்சர்:
அவர்கள் மாற்றிய காரணத்தையும் சொல்லுங்கள். உண்மையாகவே கலக்கியபோது ஒரே பாடகரின் பாடல்கள் அடுத்தடுத்து வந்தன. கேட்டவர்கள் அதைக் கலக்கல் அல்ல என்று முறையிட்டார்கள். ஆகவே தற்செயலைக் குறைத்துப் பாடல்களைப் பரப்பினார்கள். இருப்பினும் செயலி நேர்மையானது என்று நான் சான்றளிக்கவில்லை, உங்கள் 14 எறிவுகள் அதற்கெதிரான சான்றாகா என்றே சொல்கிறேன். எரிச்சல் வரும்போது மட்டுமல்லாமல், தொடக்கத்திலிருந்து 600 எறிவுகளை எழுதுங்கள். ஆறு ஏறக்குறைய 100 தடவை வர வேண்டும். 82க்கும் 118க்கும் இடைப்பட்டால் குறைகூற இடமில்லை.

உப்புவெளியான்:
எழுதுகிறேன், ரீச்சர். ஆனால் மொத்தம் சரியாக 100 வந்தாலும், தேவையில்லாதபோது ஆறைத் தந்து, தேவைப்படும்போது மறுக்க ஒரு செயலியால் இயலும். அதனால் ஒவ்வோர் எறிவுக்கும் அருகில், காய் அப்போது எங்கு நின்றது, எதிராளி காசு செலவழித்தவரா என்பதையும் குறிப்பேன்.

கணித ரீச்சர்:
அந்தத் திருத்தம் சரியானது. முதல் எறிவுக்கு முன்பே கட்டங்களை வரைந்துவிடுங்கள்.