அப்புவின் 16 போர் தோட்டாப் பட்டியில் 12 போர் தோட்டா போகவில்லை. என்ன செய்யலாம்?

நெடுங்கேணிக் கமக்காரன்:
அப்பு பாவித்த தோல் தோட்டாப் பட்டி ஒன்று பெரியம்மா வீட்டுப் பரணில் இருந்து கைக்கு வந்திருக்கிறது. நல்ல தடிப்பான தோல், பித்தளைப் பக்கிள். தோட்டா செருக 25 கூடு. அவர் வைத்திருந்தது 16 போர் துவக்கு (போர் என்பது குழலின் அளவு). எங்களுக்கு இப்போது கமத்துக்கென்று லைசன்ஸில் உள்ளது 12 போர், ஒற்றைக் குழல். கச்சானையும் மரவள்ளியையும் கிண்டுகிற பன்றிக்குத்தான். பெரும்பாலும் மேலே ஒரு வெடி வைத்து விரட்டுவதோடு சரி. ஆனாலும் இரவில் வரம்பில் நடக்கும்போது தோட்டாவைச் சாரத்து மடியில் கட்டிக்கொண்டு போவது சரிவரவில்லை, குனிந்தால் விழுகிறது.

பட்டியில் 12 போர் தோட்டாவைச் செருகினால் வாயிலேயே இறுகி நிற்கிறது. அழுத்தித் தள்ளப் பயமாகவும் இருக்கிறது. வேர்னியரில் அளந்தேன்: தோட்டாவின் உடம்பு 20.3 மில்லிமீற்றர், கூடு அதைவிட ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் சின்னன். தோலை இளக்கிப் பெருப்பிக்க வழி உண்டா? வெட்டி எறிய மனமில்லை.

மாங்குளம் சந்தி:
தம்பி, சுடுதண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டு, ஈரமாக இருக்கும்போதே தோட்டாவைச் செருகி வெயிலில் காயவிடுங்கள். தோல் தானாக இடம் கொடுக்கும். இல்லாவிட்டால் கடையில் நைலோன் பட்டி வாங்குங்கள், இழுபடும், எந்தத் தோட்டாவும் நிற்கும். பழைய சாமானோடு ஏன் மல்லுக்கட்டுவான்?

தோல்தையல்:
கிளிநொச்சியில் சப்பாத்து, பை, மாட்டுக்கான வார் எல்லாம் தைப்பவன் நான். மேலே அண்ணை சொன்னதில் ஈரமாக்கி இளக்குவது மட்டும் சரி. மற்றதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். பழைய தோல் சுடுதண்ணீரில் சுருங்கிக் கடதாசி அட்டை மாதிரி விறைத்துப்போகும், பிறகு அதை மீட்க முடியாது. வன்னி வெயிலில் ஈரத்தோலைப் போட்டால் மேல்பக்கம் முதலில் காய்ந்து வெடிக்கும். உயிருள்ள தோட்டாவை ஈரத்துக்குள் செருகி வைப்பதும் வேலைக்கு உதவாது.

முதலில் தோல் என்ன சாதி என்று பாருங்கள். ஒரு மூலையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சிக் கறுத்தால் மரப்பட்டையில் பதனிட்ட தோல், ஈரத்தில் வளைந்து கொடுத்து, காய்ந்ததும் அந்த வடிவத்திலேயே நிற்கும். தண்ணீர் முத்தாக உருண்டு ஓடினால் குரோம் உப்பில் பதனிட்டதாக இருக்கலாம், அது ஈரத்தில் இழுபட்டாலும் திரும்பப் பழைய இடத்துக்கே வரும். அப்பு காலத்துப் பட்டி என்றால் அநேகமாக முதலாவதுதான். எண்ணெய் நிறையப் பூசியிருந்தாலும் தண்ணீர் உருளும், அதனால் உட்பக்கத்திலும் ஒருமுறை விட்டுப் பாருங்கள்.

இனி, இளகுமா என்ற கேள்வி. 16 போர் தோட்டாவின் உடம்பு ஏறத்தாழ 18.6. நீங்கள் அளந்த 20.3க்குப் போக விட்டம் 1.7 கூட வேண்டும். கேட்கச் சின்னன்தான். ஆனால் கூடு என்பது பட்டியில் இருந்து எழும்பித் தோட்டாவைச் சுற்றி மறுபடி பட்டிக்கு இறங்குகிற வார். அந்த வளைவின் நீளம் விட்டத்தின் இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். 16க்கு ஏறத்தாழ 48 மில்லிமீற்றர், 12க்கு 52. ஒவ்வொரு கூட்டிலும் நாலு மில்லிமீற்றர் தோல் குறைகிறது. அந்த நாலையும் இழுத்தே எடுக்கப் பார்த்தால் தையல் துளைதான் முதலில் கிழியும், தோல் அல்ல. புதுத் தோல் என்றால் பாதித்தூரம் வரும். பழைய தோலில் நம்பமாட்டேன்.

என் யோசனை இது. பட்டியையும் பக்கிளையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டு வாரை மட்டும் தையல் பிரித்துக் கழற்றுங்கள். நூலைக் கூர்க்கத்தியால் ஒன்றுவிட்டொன்று வெட்டினால் தானாக வரும், பிடித்து இழுக்காதீர்கள். அதே வாரைத் திரும்பத் தைக்கலாம், 25 கூட்டுக்கு இருந்த நீளம் 23க்குக் காணும். ஆனால் பழைய துளையும் புதுத் துளையும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தால் அந்த வரியில் தபால் முத்திரை ஓரம்போலக் கிழியும். ஆகவே புது வார் போடுவதே நல்லது: ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு, பழைய வாரின் அகலம், நீளம் ஒன்றேகால் மீற்றருக்குச் சற்று மேல். ஒரே துண்டாகக் கிடைக்காவிட்டால் தையல் வரி விழும் இடத்தில் இரண்டு துண்டையும் சந்திக்க வையுங்கள், ஒட்டு வெளியே தெரியாது.

அளவு பிடிக்கத் தோட்டா வேண்டாம். மின்சார வயர் விடுகிற 20 மில்லிமீற்றர் பிவிசி குழாய் துண்டு ஒன்று எடுத்து, மேலே இன்சுலேசன் ரேப்பை 20.5 வரும்வரை சுற்றுங்கள். அதை வைத்து ஒவ்வொரு கூடாக இறுக்கித் தையுங்கள். தேன்மெழுகு பூசிய நூல், இரண்டு ஊசி, ஒரே துளையில் இரண்டு பக்கத்தாலும் வரவேண்டும். மெசின் தையலில் ஒரு இழை அறுந்தால் வரிசையாகக் கழன்றுவிடும், இதில் அப்படி ஆகாது. தைத்து முடிந்ததும் பஞ்சால் ஈரம் ஒற்றி, குழாயை உள்ளே விட்டு நிழலில் காயவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: இரும்புக் குழாய் பாவிக்காதீர்கள். ஈரமான பட்டைத்தோலில் இரும்பு பட்டால் கருநீலக் கறை விழும், போகாது.

நெடுங்கேணிக் கமக்காரன்:
மிக்க நன்றி அண்ணை. தண்ணீர் விட்டுப் பார்த்தேன், உடனே உறிஞ்சியது. வாரின் மேல்பக்கம் மயிர்போல வெடிப்பு இருக்கிறது, ஆகவே புது வார்தான். பட்டியோடு ஏழெட்டுப் பழைய தோட்டாவும் கிடந்தன. கடதாசி உறை, ஊதிப்போய் இருக்கின்றன. அவற்றை வைத்து 16க்கு அளவு பார்க்கலாம் என்று நினைத்தேன்.

தோல்தையல்:
வேண்டாம். கடதாசித் தோட்டா ஈரம் குடித்து ஊதினால் அதன் அளவே பொய். தோண்டித் திறக்கவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். உங்கள் லைசன்ஸ் 12க்கு, அது 16. பொலிசுக்கு அறிவித்து, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள்.

மல்லாவி மருமகன்:
எனக்கு நேர்மாறான பிரச்சினை. பட்டி 12, மாமாவின் துவக்கு 16. தோட்டா கூட்டுக்குள் நிற்காமல் கீழே இறங்கி விழுகிறது. அதோடு ஒரு சந்தேகம், 16 என்றால் 12ஐ விடப் பெரிதாக அல்லவா இருக்கவேண்டும்?

தோல்தையல்:
ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டையாக உருட்டினால் ஒரு உருண்டை பொருந்துகிற குழல் 12 போர், 18.5 மில்லிமீற்றர். 16 உருண்டையாக உருட்டினால் ஒவ்வொன்றும் சிறுக்கும், 16.8. எண் கூடக் குழல் ஒடுங்கும்.

உங்கள் வேலை மற்றதைவிடச் சுலபம். அடி திறந்த கூட்டில் தோட்டாவைத் தாங்குவது அதன் அடிவிளிம்பு. 16இன் விளிம்பே ஏறத்தாழ 20.6தான், 12க்குத் தைத்த கூடு கொஞ்சம் தளர்ந்திருந்தால் விளிம்போடு சேர்ந்து இறங்கிவிடும். கூட்டின் உள்ளே முக்கால் மில்லிமீற்றர் தடிப்பில் ஆட்டுத்தோல் உள்வார் சுற்றி ஒட்டுங்கள், விட்டம் ஒன்றரை குறையும். பசையை மட்டும் நம்பினால் சித்திரை வெயிலில் இளகி உரியும், மேலும் கீழும் இரண்டு தையல் போடுங்கள். தற்காலிகமாக என்றால் கூட்டின் ஓரத்தில் இன்னொரு தையல் வரி ஓடவிடலாம், ஆனால் பிறகு பிரித்தால் துளை தெரியும்.

முறிகண்டி வழிப்போக்கன்:
ஒரு சொல் நானும். ஒரே பட்டியில் இரண்டு அளவையும் கலக்காதீர்கள், முக்கியமாக 20 போர் இருக்கிற வீட்டில். 20 போர் தோட்டா 12 குழலுக்குள் வழுக்கிப்போய் உள்ளே சிக்கி நிற்கும், பின்னால் இருந்து பார்த்தால் வெறுங்குழல் போலத் தெரியும். அதன் பின்னால் 12ஐ ஏற்றி வெடித்தால் குழல் சிதறும், பிடித்த கை போகும். அதற்காகத்தான் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கிறார்கள். இருட்டில் மஞ்சள் எங்கே தெரியும்?

நெடுங்கேணிக் கமக்காரன்:
எங்களிடம் 12 மட்டும்தான். கடைசியாக ஒன்று: தைத்த பிறகு தோட்டாவைப் பட்டியிலேயே விட்டு வைக்கலாமா? இரவில் அவசரமாக எடுக்க வசதி.

தோல்தையல்:
விடாதீர்கள். பட்டைத்தோலில் உள்ள புளிப்பும் ஈரமும் சேர்ந்து தோட்டாவின் பித்தளை அடியில் பச்சைக் களிம்பு பிடிக்கும். மார்கழி மழையில் வெகு சீக்கிரம் வரும். களிம்பு பிடித்த தோட்டா கூட்டிலும் இறுகும், துவக்கிலும் இறுகும். காவலுக்குப் போகும்போது செருகி, வந்ததும் கழற்றித் துடைத்துப் பூட்டுப் பெட்டியில் வையுங்கள். பட்டியைக் காற்றுப்படத் தொங்கவிடுங்கள், பொலித்தீனில் சுற்றினால் பூஞ்சணம். எண்ணெய் வருசத்துக்கு ஒருமுறை, அதுவும் பட்டிக்கு மட்டும் மெல்லிதாக. கூட்டுக்குப் பூசினால் இளகித் தொங்கும், பிறகு நீங்களும் மல்லாவித் தம்பியின் கேள்வியோடுதான் வருவீர்கள்.