உதவி: காலையில் ரயில், மாலையில் கப்பல், இடைவெளி போதுமா? (அவசரம்)

திருச்சி_மைந்தன்:
வணக்கம். ஜூலையில் குடும்பத்தோடு கனடாவின் ராக்கி மலைப் பயணம். கல்கரியில் கார் எடுத்து பான்ஃப், லேக் லூயிஸ், ஜாஸ்பர். ஜாஸ்பரில் காரை விட்டுவிட்டு ரயில் ஏறினால் காலை 8 மணிக்கு வான்கூவர். அன்று மாலை 4 மணிக்கு அலாஸ்கா கப்பல். நடுவில் 8 மணி நேரம் இருக்கிறது. போதும்தானே? கப்பலுக்கு முழுப் பணமும் கட்டியாச்சு. ரயில் டிக்கெட் குறைந்துகொண்டே வருகிறது, இன்று இரவே போட்டாக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேப்பிள்_இலை:
எந்த ரயில்? தனியார் சுற்றுலா ரயிலான ராக்கி மவுண்டனீரா, அரசு நிறுவனமான வியா ரயிலா? யார் யார் போகிறீர்கள்? கப்பல் வான்கூவருக்கே திரும்புகிறதா, அலாஸ்காவிலேயே இறக்கி விடுகிறதா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

ரயில்பித்தன்:
காலை 8 மணி என்றால் வியா ரயிலின் கனேடியன்தான், டொரண்டோவிலிருந்து வான்கூவர் வரும் ரயில். ராக்கி மவுண்டனீர் இரவில் ஓடாது. முதல் நாள் கம்லூப்ஸில் ஓட்டலில் தங்கவைத்து, மறுநாள் பகலில் கிளப்புவார்கள். நீங்கள் அதில்தான் போக வேண்டும். கண்ணாடிக் கூரைப் பெட்டியில் மலையைப் பார்க்காமல், ஃபிரேசர் பள்ளத்தாக்கைத் தூக்கத்தில் கடந்து என்ன பயன்?

மூத்தவர்_ராகவன்:
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்து பதிலும் கிடைத்திருக்கிறது. "ரயில் தாமதம்" என்று தேடினாலே போதும், யாரும் தேடுவதில்லை. ஒருமுறை எழுதிவிடுகிறேன், கவனமாகப் படியுங்கள். கனேடியன் ஓடும் தண்டவாளம் பெரும்பகுதி சி.என். (கனேடியன் நேஷனல்) என்ற சரக்கு ரயில் நிறுவனத்துடையது. அங்கே சரக்கு ரயிலுக்குத்தான் முதல் வழி. மேற்கே பெரும்பாலும் ஒற்றைப் பாதை. இன்றைய சரக்கு ரயில்கள் பல கிலோமீட்டர் நீளம், பல இடங்களில் ஒதுங்கி வழிவிடுவதற்கான பக்கப்பாதைக்குள் அடங்கவே அடங்காது. ஆக, ஒதுங்கி நிற்பது பயணிகள் ரயில்தான். அட்டவணையில் 8 மணி என்று போட்டிருப்பதை நம்பி அதே நாளில் கப்பலை வைப்பது விவரம் தெரிந்தவர் செய்யும் காரியமில்லை.

ஸ்காபரோ_அக்கா:
ராகவன் ஐயா சொல்வது சரி, ஆனால் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லலாமே. தம்பி, கப்பல் 4 மணிக்கு என்றால் 4 மணி வரைக்கும் ஏற்றமாட்டினம். அதுக்கு ஒன்றரை இரண்டு மணித்தியாலம் முதலே கதவைப் பூட்டிப் போடுவினம். உங்களிட்டை இருக்கிறது 8 மணித்தியாலம் இல்லை, 6தான். ஒரு நாள் முந்தியே வான்கூவருக்குப் போய்ச் சேருங்கோ.

திருச்சி_மைந்தன்:
வியா ரயில்தான். கப்பல் 7 இரவு, ஞாயிறு கிளம்பி அடுத்த ஞாயிறு காலை வான்கூவருக்கே திரும்பும். முந்தின நாள் ரயில் இல்லை, அதுதான் பிரச்சினை. அப்பா பொன்மலை ரயில் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மலைக்குள் தண்டவாளம் வளைந்து சுற்றிப் போகும் சுருள் சுரங்கத்தை ரயிலிலிருந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதனால் ரயிலை விட முடியாது.

கல்கரி_குமரன்:
ரயிலை விடுங்கள். ஜாஸ்பரிலிருந்து நெடுஞ்சாலை 5 வழியாக கிளியர்வாட்டர், கம்லூப்ஸ், ஹோப் என்று இறங்கினால் வான்கூவர் கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர். கம்லூப்ஸில் ஒரு ராத்திரி தங்கினால் பெரியவர்களுக்கும் அலுப்பு இல்லை. வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு, அதை மட்டும் முன்கூட்டியே கேளுங்கள்.

அலைகடல்:
இவ்வளவு கவலை எதற்கு? ரயில் தாமதமானால் விமானத்தில் அலாஸ்காவின் கெச்சிகன் துறைமுகத்துக்குப் போய் அங்கே கப்பலைப் பிடித்துக்கொள்ளலாம்.

மூத்தவர்_ராகவன்:
அரைகுறையாகச் சொல்லி யாரையும் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் 1886-ஆம் ஆண்டின் பயணிகள் கப்பல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றி வேறொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது. அலாஸ்காவிலேயே உள்ள சீவார்டில் முடியும் கப்பலை கெச்சிகனில் போய்ப் பிடிக்க முடியாது. இவருடையது வான்கூவரில் முடிவதால் சட்டம் தடுக்காது. ஆனாலும் கப்பல் நிறுவனத்தின் அனுமதி வேண்டும், விமானச் செலவு தனி.

ரயில்பித்தன்:
திருச்சி_மைந்தன், முக்கியமான விஷயம். வியா ரயில் சுருள் சுரங்கம் வழியாகப் போகவே போகாது! கனேடியன் 1990 ஜனவரி வரை பான்ஃப் வழியாக ஓடியது. அப்புறம் ஜாஸ்பர், யெல்லோஹெட் கணவாய் வழியாக மாற்றிவிட்டார்கள். சுருள் சுரங்கம் இருப்பது கிக்கிங் ஹார்ஸ் கணவாயில். அதன் வழியாகப் போவது ராக்கி மவுண்டனீரின் பான்ஃப் தடம். நான் முதலிலேயே சொன்னேன்.

கல்கரி_குமரன்:
அதற்காக ஒரு ஆளுக்கு ஆயிரக்கணக்கான டாலரா? சுரங்கத்துக்கு உள்ளே இருப்பவருக்கு இருட்டைத் தவிர என்ன தெரியும்? லேக் லூயிஸிலிருந்து ஃபீல்ட் போகும் வழியில் நெடுஞ்சாலை ஓரத்திலேயே பார்வையிடம் இருக்கிறது. காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. நீளமான சரக்கு ரயில் வந்தால், எஞ்சின் ஒரு வாயிலில் வெளியே வந்துவிட்டிருக்கும், அதற்கு மேலே இன்னொரு மட்டத்தில் கடைசிப் பெட்டிகள் இன்னும் உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். தன் வாலைத் தானே தாண்டிப் போகிற ரயிலை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும்.

ரயில்பித்தன்:
காசைக் கணக்குப் பார்த்தால் எதையுமே பார்க்க வேண்டாமே. அந்தப் பாதையில் முதலில் சரிவு 4.5 சதவீதம். கட்டுப்பாடு இழந்து ஓடிய ரயில்களுக்காகவே தனிப் பாதைகள் போட வேண்டியிருந்தது. 1909-இல் சுருள் சுரங்கங்கள் திறந்தபின் 2.2 சதவீதம் ஆனது. ஊட்டி ரயில் பற்சக்கரத்தால் ஏறுகிறது. இங்கே மலைக்குள்ளேயே பாதையைச் சுற்றவிட்டுச் சரிவைக் குறைத்தார்கள். நீலகிரிக்கு நீராவி எஞ்சின் கட்டிக்கொடுத்த பொன்மலையில் வேலை பார்த்த மனிதர் இதை ரயிலில் உட்கார்ந்து அனுபவிக்க வேண்டாமா?

கல்கரி_குமரன்:
பொன்மலையில் வேலை பார்த்தவர் என்பதால்தான் சொல்கிறேன். அவர் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் பார்க்க வேண்டியவர், கண்ணாடிக் கூரையை இல்லை.

மேப்பிள்_இலை:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். அப்பா அம்மாவும் வருகிறார்களா? அவர்களுக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? அதை இன்னும் சொல்லவில்லையே.

திருச்சி_மைந்தன்:
எனக்கும் மனைவிக்கும் கனடா பாஸ்போர்ட். அப்பா அம்மாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட், சூப்பர் விசாவில் (பெற்றோர் நீண்ட நாள் தங்கக் கனடா தரும் விசா) வந்திருக்கிறார்கள். கப்பல் கனடாவில் கிளம்பி கனடாவுக்கே வருகிறது, அலாஸ்காவில் அவர்கள் இறங்கப் போவதுமில்லை. இதற்கும் பாஸ்போர்ட்டுக்கும் என்ன தொடர்பு?

மேப்பிள்_இலை:
எல்லாத் தொடர்பும் இருக்கிறது. அலாஸ்கா அமெரிக்கா. இறங்காமல் அறையிலேயே இருந்தாலும் அவர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும். வான்கூவர் கனடா பிளேஸ் கப்பல் முனையத்தில் கப்பல் ஏறும் முன்பே அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள் பார்ப்பார்கள், அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2025 செப்டம்பரிலிருந்து சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். சூப்பர் விசாவில் வந்தவர்கள் கனடாவில் விண்ணப்பிப்பது கடினம். ரயிலை அப்புறம் பார்க்கலாம், முதலில் இதைக் கவனியுங்கள். திரும்பி வர சூப்பர் விசாவால் சிக்கல் இல்லை, அது பலமுறை நுழைய அனுமதிப்பது.

ஸ்காபரோ_அக்கா:
முந்தி எப்பவாவது அமெரிக்கா போயிருக்கினமோ? பத்து வருட விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் அதுவே காணும். பாஸ்போர்ட் காலாவதியானாலும் விசா செல்லும். விசாத் தாளைக் கிழிக்காமல், அந்தப் புத்தகத்தையும் புதிசையும் சேர்த்துக் கொண்டுபோக வேணும்.

திருச்சி_மைந்தன்:
தம்பி கலிபோர்னியாவில் இருந்தபோது போயிருக்கிறார்கள்! பழைய பாஸ்போர்ட் திருச்சி வீட்டு பீரோவில் இருக்கும். கேட்கிறேன்.

பனிக்கரடி:
ரயில் விஷயத்துக்கு ஒரு வழி. வரிசையைத் திருப்பிப் போடுங்கள். கப்பல் முதலில், மலை பிறகு. ஒரு நாள் முன்பே விமானத்தில் வான்கூவர் வந்து, ஞாயிறு கப்பல் ஏறுங்கள். அடுத்த ஞாயிறு காலை இறங்குகிறீர்கள். இப்போதைய அட்டவணைப்படி கனேடியன் திங்களும் வெள்ளியும் பிற்பகல் 3 மணிக்கு வான்கூவரிலிருந்து கிளம்புகிறது. ஒரு இரவு வான்கூவரில் தங்கி, திங்கள் ஏறலாம். அது புறப்படும் ஊர் என்பதால், வழியில் சரக்கு ரயிலுக்கு ஒதுங்கி நேரம் இழந்து வருகிற ரயிலுக்காகக் காத்திருப்பது போல இருக்காது. ஜாஸ்பருக்குத் தாமதமாகப் போனாலும் ஓட்டலுக்குத்தான் தாமதம், கப்பல் போய்விடாது. ஜூலையில் இரவு 9 மணி வரை வெளிச்சம், ஃபிரேசர் பள்ளத்தாக்கில் கொஞ்சமாவது கண்ணில் படும். மறுநாள் காலை இடப்பக்கம் உட்காருங்கள், மேகம் இல்லாவிட்டால் 3,954 மீட்டர் ராப்சன் சிகரம் முழுசாகத் தெரியும்.

ஜாஸ்பரில் கார். லேக் லூயிஸ் வரை பனிவயல் சாலை (ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே) 232 கிலோமீட்டர். நடுவே பெட்ரோல் சஸ்காட்செவன் கிராசிங்கில் மட்டும்தான், அதனால் ஜாஸ்பரிலேயே நிரப்புங்கள். பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் கிடையாது, வரைபடத்தை இறக்கி வையுங்கள். மொரெய்ன் ஏரிக்கு 2023 முதல் சொந்தக் கார் விடுவதில்லை, பேருந்துக்கு முன்பதிவு வேண்டும். குமரன் சொன்ன பார்வையிடம் அங்கிருந்து பக்கம். அப்பாவை ஒரு மணி நேரமாவது அங்கே நிற்க விடுங்கள், சரக்கு ரயில் நேரம் சொல்லிக்கொண்டு வராது.

மூத்தவர்_ராகவன்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

ரயில்பித்தன்:
நல்ல யோசனை. ஆனாலும் கண்ணாடிக் கூரை...

கல்கரி_குமரன்:
கனேடியனிலும் படுக்கை வகுப்புக்குக் கண்ணாடி மாடம் உண்டு ஐயா. சாப்பாடும் கட்டணத்திலேயே சேர்த்தி. சைவம் என்றால் டிக்கெட் போடும்போதே சொல்ல வேண்டும்.

ஸ்காபரோ_அக்கா:
தம்பி, பாஸ்போர்ட் கிடைச்சுதோ?

மேப்பிள்_இலை:
ஆளையே காணோம்.

திருச்சி_மைந்தன்:
பாஸ்போர்ட் கிடைத்தது. இருவருக்கும் விசா 2028 வரை இருக்கிறது. மாமா மகன் அடுத்த வாரம் டொரண்டோ வருகிறான், கையோடு கொண்டுவருவான். பனிக்கரடி சொன்னபடி திரும்பிய மறுநாள் திங்கட்கிழமை ரயில் போட்டுவிட்டேன், படுக்கை வகுப்பு. எல்லோருக்கும் நன்றி.

பனிக்கரடி:
நல்லது. கார் கம்பெனிக்கு ரயிலில் வருவதைச் சொல்லி, தாமதமானால் காரைப் பிடித்து வைப்பார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் குறித்த நேரத்துக்கு வரவில்லை என்று முன்பதிவை ரத்து செய்துவிடுவார்கள். கிரெடிட் கார்டு ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டும்.