மனாவுஸில் மிதப்பது துறைமுகமா, தெப்பத்துறையா?

துறைமுகத் தமிழ்ச் சொற்பட்டியலில் ‘மிதக்கும் துறைமுகம்’ என்ற சொல் வேண்டாம் என்பேன். பிரேசிலின் மனாவுஸில் மிதப்பது கப்பல் அணையும் மேடை மட்டும்தான். கிடங்குகள் தரையில் நிற்கின்றன. கடலிலிருந்து ஏறக்குறைய 1,500 கி.மீ. உள்ளே, ரியோ நெக்ரோ ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் அது.

மேடை ஏன் மிதக்கிறது? ஆற்றின் மட்டம் சாதாரண ஆண்டிலேயே சுமார் 10 மீட்டர் ஏறி இறங்கும். துறையின் அளவுகோல் 2021 ஜூனில் 30.02 மீட்டர் காட்டியது; 2024 அக்டோபரில் 12.11. இடைவெளி ஏறத்தாழ 18 மீட்டர். கல்லால் கட்டிய மேடை வெள்ளத்தில் மூழ்கும், கோடையில் கப்பலுக்கு எட்டாத உயரத்தில் நிற்கும்.

‘மிதவைத்துறை’ என்று சொன்னால் என்ன என்று கேட்கலாம். மிதவை என்பது நீரில் மிதந்து கப்பலுக்கு வழிகாட்டும் போயாவுக்கு ஏற்கெனவே வழங்குகிறது. மேடையைத் தாங்கும் இரும்பு உறுப்புகளையும் மிதவை என்றுதான் சொல்லியாக வேண்டும். முழுமைக்கும் உறுப்புக்கும் ஒரே சொல் வந்தால் பராமரிப்புக் குறிப்பு எழுதவே முடியாது. ஆகவே ‘தெப்பத்துறை’. தெப்பம் கோயில் குளத்தை நினைவூட்டும் என்பது குறையாகாது. காலி பீப்பாய்களைப் பிணைத்து மேலே பலகை பாவுகிறோமே, வேலை அதேதான். நீரை நிரப்பி அமிழ்த்தி, கப்பலை உள்ளே இழுத்து, நீரை இறைத்து உயர்த்திப் பழுதுபார்க்கும் அமைப்பு வேறு. ஆங்கிலத்தில் இரண்டையும் ‘ஃபுளோட்டிங் டாக்’ என்பதால் மொழிபெயர்ப்பில் அடிக்கடி குழப்பம் வருகிறது. பழுதுபார்க்கும் அமைப்பை ‘மிதவை உலர்துறை’ எனலாம்.

கரையையும் தெப்பத்தையும் இணைப்பது ‘கீல்பாலம்’. கரைமுனை கீலில் அசையும். மறுமுனை தெப்பத்தோடு ஏறி இறங்கும். பாலம் 100 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் இறக்கத்துக்குப் பத்துக்கு ஒன்று சரிவு, லாரி ஏறிவிடும். 18 மீட்டர் என்றால் ஐந்தரைக்கு ஒன்று. சுமையோடு ஏறுவது ஆபத்து. நீர் இன்னும் வற்றித் தெப்பம் தரைதட்டினால் ஒருபக்கம் சாயும், கீல் முறுகும். ஆகவே ‘தரைதட்டு மட்டம்’ என்ற சொல்லும் பட்டியலில் வேண்டும். 2024 வறட்சியில் பெரிய கப்பல்கள் மனாவுஸை எட்ட முடியாமல், கீழ்ப்புறம் அமேசான் ஆற்றங்கரையில் உள்ள இத்தாகோவாத்தியாரா ஊரில் தற்காலிகத் தெப்பத்துறை அமைத்து, சரக்குப் பெட்டிகளைப் படகுகளுக்கு மாற்றினார்கள்.

இனி ஊர்ப்பெயர். ‘மனாஸ்’ என்றால் உகரம் போய்விடுகிறது. ‘மனௌஸ்’ ஒலிக்கு நெருக்கம்தான். ஆனால் அச்சில் ஔகாரக் குறியின் பின்பாதியை ளகரமாகப் படித்து ‘மனெளஸ்’ ஆக்கிவிடுவார்கள், தேடலிலும் இரண்டாகப் பிரியும். ‘மனாவுஸ்’ எழுதியபடியே வாசிக்கப்படும். பெயரை மொழிபெயர்க்கவும் கூடாது. அது ரியோ நெக்ரோவில் வாழ்ந்த மனாவோ மக்களின் பெயர். போர்த்துகீசியரை எதிர்த்துப் பிடிபட்டு, விலங்கோடு ஆற்றில் குதித்த அஜுரிகாபா அவர்களின் தலைவர்.

ஊர் 1848இல் நகரமானபோது பெயர் ‘பார்ரா தோ ரியோ நெக்ரோ’. 1856இல் மனாவுஸ் என்று மாற்றினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளின் ஆவணங்களை மொழிபெயர்க்கும்போது பார்ரா என்றே விட்டு, முதல் இடத்தில் மட்டும் இன்றைய பெயரைக் குறித்தால் போதும்.