பாதித் தண்ணீர் மாற்றிய மறுநாளே ஏஞ்சல் மீன் குஞ்சுகள் கொத்தாகச் சாகின்றன, குளோரினா?

கயல்வாலன்:
வணக்கம். நீந்தத் தொடங்கி 9 நாள் ஆன ஏஞ்சல் குஞ்சுகள், சுமார் 200. 40 லிட்டர் தொட்டியில் 35 லிட்டர் தண்ணீர், அடியில் மணல் இல்லை, ஹீட்டர் 28 டிகிரி. முட்டையை மாற்றும்போது தாய்த்தொட்டித் தண்ணீரையே நிரப்பி, பூஞ்சை பிடிக்காமல் இருக்க மெத்திலீன் ப்ளூ விட்டிருந்தேன். ஸ்பாஞ்ச் ஃபில்டர் புதுசு, அன்றிலிருந்தே ஓடுகிறது. தீனி: ஆர்ட்டீமியா (உப்பு நீரில் வாழும் நுண்ணிய இறால் வகை) இரண்டு வேளை, கரைத்த மஞ்சள் கரு இரண்டு வேளை.

இதுவரை தினமும் ஒரு சொம்பு எடுத்துவிட்டு தாய்த்தொட்டித் தண்ணீரையே ஊற்றிவந்தேன். நேற்று மாலை அம்மோனியா (கழிவும் மிச்சத் தீனியும் அழுகி வரும் விஷம்) 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மி.கி.), பி.எச். (அமில-காரத் தன்மை) 6.6. உடனே பாதித் தண்ணீரை மாற்றினேன். ஊற்றியது டிரம்மில் இரண்டு நாள் ஏர் விட்டு வைத்தது; பி.எச். 7.9, அதுவும் 28 டிகிரி. இன்று காலை 60க்கு மேல் செத்துக் கிடக்கின்றன. மீதி துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மேல்மட்டத்தில் நிற்கின்றன. இப்போது அம்மோனியா 1, பி.எச். 7.6. பாதியாகக் குறைந்த பிறகு ஏன் சாக வேண்டும்? இனி தண்ணீரைத் தொடலாமா?

செதில்:
குளோரின் இல்லை. இரண்டு நாள் ஏர் விட்ட தண்ணீரில் அது நிற்காது. குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த தண்ணீராக இருந்தால் கதை வேறு: அது ஏர் விட்டால் போகாது, தயோசல்ஃபேட் (குளோரின் நீக்கி) போட்டால் உடையும், ஆனால் உடைந்த பிறகு அம்மோனியா மிஞ்சும். டிரம் தண்ணீரிலேயே ஒருமுறை அம்மோனியா டெஸ்ட் போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

காரணம் நீங்கள் கொடுத்த எண்களிலேயே இருக்கிறது. டெஸ்ட் கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் பெரும்பகுதி அம்மோனியம். அது அவ்வளவாகக் கெடுதல் செய்யாது. செவுள் வழியாக உள்ளே போய்க் கொல்வது கரைந்த அம்மோனியா வாயு. எது எவ்வளவு என்பதை பி.எச்.சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 28 டிகிரியில், பி.எச். 6.6 என்றால் மொத்தத்தில் 0.3 சதவீதம்கூட வாயுவாக இருக்காது. 7.6 என்றால் 2.7 சதவீதம். அதாவது நேற்று மாலை 2 பிபிஎம்மில் விஷம் 0.006. தண்ணீர் மாற்றிய பிறகு 1 பிபிஎம்மில் 0.027. கிட் அளவு பாதியானது, விஷம் நான்கைந்து மடங்கானது. குஞ்சுத் தொட்டியில் 0.02 வந்தாலே ஆபத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். போதாததற்கு, பி.எச். ஒரேயடியாக 1 ஏறிய அதிர்ச்சி வேறு.

இப்போது தொடாமல் விட்டால்தான் மீதியும் போகும். பி.எச். ஏற்கெனவே ஏறிவிட்டது, டிரம் தண்ணீருக்கும் தொட்டிக்கும் வித்தியாசம் 0.3தான். அதனால் நேற்று கொன்ற அதே தண்ணீர் இன்று மருந்து. காலை 9 லிட்டர், மாலை 9 லிட்டர் என்று அம்மோனியா 0.25க்குக் கீழே வரும்வரை மாற்றுங்கள். கவிழ்த்து ஊற்ற வேண்டாம். வாளியைத் தொட்டிக்கு மேலே வைத்து, ஏர் டியூபில் வால்வு மாட்டி, நிமிடத்துக்கு 150 மி.லி. வருமாறு திருகிவிட்டால் ஒரு மணி நேரத்தில் 9 லிட்டர் இறங்கிவிடும்.

பி.எச்.சைக் குறைக்கிறேன் என்று பாதாம் இலை, அமிலம் எதையும் போடாதீர்கள். தாய்த்தொட்டித் தண்ணீரையும் இனி ஊற்ற வேண்டாம், மறுபடி 6.6க்கு இறங்கினால் அடுத்த மாற்றத்தில் இதே கூத்துதான்.

ஃபில்டரைப் பற்றி: புது ஸ்பாஞ்சில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா நிலைக்க 4 முதல் 6 வாரம் ஆகும். மெத்திலீன் ப்ளூ அதையும் வளரவிடாது. இப்போதைக்கு உங்கள் ஸ்பாஞ்ச் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருக்கிறது, சுத்தம் செய்யவில்லை.

அலைவரிசை:
செதில் சொன்னதோடு சேர்த்து, மஞ்சள் கருவை இன்றே நிறுத்துங்கள். நீந்தும் ஏஞ்சல் குஞ்சின் வாய்க்கு அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா முதல் நாளே போகும், கருவுக்கு வேலையே இல்லை. தின்றது போக மிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து அழுகும். 2 பிபிஎம்மில் பெரும்பங்கு அதனுடையதாகத்தான் இருக்கும்.

ஆர்ட்டீமியாவும் அளவு மீறினால் இதே நிலைதான். நன்னீரில் சில மணி நேரத்தில் செத்து அடியில் ஆரஞ்சுப் படலமாகப் படியும். போட்ட பத்து நிமிடத்தில் குஞ்சுகளின் வயிறு ஆரஞ்சாக உப்பியிருக்க வேண்டும், அடியில் எதுவும் நெளியக் கூடாது. அதுதான் சரியான அளவு. ஒரு நாளில் நான்கு வேளை, சிறிது சிறிதாக. இன்று மட்டும் பாதி தீனி போதும்.

ஆர்ட்டீமியா பொரிப்பு: 1 லிட்டர் தண்ணீர், 25 கிராம் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா, 1 கிராம் முட்டை, 28 டிகிரி, பலமான ஏர், மேலே விளக்கு. 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். ஏரை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், குஞ்சு கீழே வெளிச்சம் விழும் பக்கம் கூடும். அங்கிருந்து உறிஞ்சி, நெருக்கமான துணியில் வடிகட்டி, நன்னீரில் அலசிப் போடுங்கள். ஓடு சேர்ந்து போனால் குஞ்சு மீனின் குடலில் அடைக்கும். பொரித்து எட்டு மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது. தாமதித்தால் தன் சத்தைத் தானே எரித்துவிடும்.

அடியைத் துப்புரவு செய்ய ஏர் டியூபின் நுனியை ஒரு குச்சியில் கட்டிக்கொள்ளுங்கள், கை நடுங்காது. மறுமுனை வெள்ளை பேசினில் விழட்டும். தவறி உறிஞ்சப்பட்ட குஞ்சு வெள்ளையில் பளிச்சென்று தெரியும், கரண்டியால் எடுத்துத் திரும்ப விடலாம். செத்தவற்றை ஒன்றுவிடாமல் எடுங்கள்.

கயல்வாலன்:
நன்றி இருவருக்கும். டிரம் தண்ணீரில் அம்மோனியா பூஜ்யம். இரண்டு நாளாக காலை மாலை மாற்றியதில் தொட்டியில் 0.25. சாவு நின்றுவிட்டது, துடுப்பும் விரிந்திருக்கிறது. தாய்த்தொட்டியில் ஓராண்டாக ஓடும் ஸ்பாஞ்ச் ஒன்று இருக்கிறது, அதை அப்படியே எடுத்து இங்கே போடலாமா? நைட்ரைட் (அம்மோனியாவை பாக்டீரியா மாற்றும்போது வரும் அடுத்த விஷம்) ஏறுமோ என்று பயம்.

செதில்:
தாய்த்தொட்டியில் நோய் இல்லை என்றால் தாராளமாகப் போடுங்கள். நீல நிறம் முழுதாகப் போன பிறகு மட்டும். குழாய்த் தண்ணீரில் அலச வேண்டாம். தாய்த்தொட்டித் தண்ணீரை வாளியில் எடுத்து, கறுப்பு அழுக்கு போகும்வரை இரண்டு பிழி, அவ்வளவுதான். காய விடாமல் உடனே மாற்றுங்கள். புது ஸ்பாஞ்சை அந்த இடத்தில் போட்டுவைத்தால் அடுத்த ஈட்டுக்குத் தயாராகிவிடும். குஞ்சுத் தொட்டியில் ஏர் மெதுவாக, ஒற்றைக் குமிழாக வரட்டும். இந்த வயதில் ஓட்டத்தை எதிர்த்து நீந்தியே களைத்துவிடும்.

நைட்ரைட்டைத் தினமும் பாருங்கள். 0.25 தாண்டினால் 10 லிட்டருக்கு 3 கிராம் உப்பைத் தனியாகக் கரைத்து, சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். உப்பிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட்டை நுழையவிடாது. அடுத்தடுத்த மாற்றங்களில், எடுத்த தண்ணீரின் அளவுக்கு மட்டுமே உப்பு. 9 லிட்டர் எடுத்தால் 2.7 கிராம். மொத்தத்துக்கும் மறுபடி போட்டால் சேர்ந்துகொண்டே போகும்.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்ற பிறகு ஒரு நாளைக்கு ஒரு மாற்றம், கால் பங்கு போதும். உடம்பு காசு அளவு வந்ததும் இந்த 35 லிட்டர் 140 குஞ்சுகளுக்குத் தாங்காது, இன்னொரு தொட்டியையும் ஸ்பாஞ்சையும் இப்போதே ஓடவிட்டு வையுங்கள்.