ரோரி கேலகர்: கல்யாணக் கச்சேரிக் குழுவிலிருந்து ஒரு கேள்வி

பகாவ் கித்தார்க்காரன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் பட்டணத்தை ஒட்டிய ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். பகலில் செம்பனை ஆலையில் எடைக் கணக்கு எழுதுகிறேன். சனி, ஞாயிறுகளில் இவ்வட்டாரக் கல்யாண மண்டபங்களில் ஓர் இசைக்குழுவுடன் கித்தார் வாசிக்கிறேன். ஆறு மாதங்களுக்கு முன்பு அயர்லாந்தைச் சேர்ந்த கித்தார் கலைஞர் ரோரி கேலகரின் மேடைப் பதிவு ஒன்றை முதன்முறையாகக் கேட்டேன். மூன்றே கருவிகள் ஒலிக்கும் இடத்திலும் மண்டபம் நிறைந்துவிடுகிறது. அன்றிலிருந்து வேலை முடிந்து வந்தால் அவருடைய இசையைத்தான் கேட்கிறேன்.

என் சங்கடம் என்னவென்றால், எங்கள் குழுவில் சினிமாப் பாடல்களை மூலத்தில் உள்ளபடியே, ஒரு சுரமும் பிசகாமல் வாசித்தாக வேண்டும். மண்டபத்தில் வாசித்துப் பழகிய கைக்குச் சொந்தமாக எதுவும் வராது என்று எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர் சொல்கிறார். அவர் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் அந்தச் சொல் உறுத்துகிறது. ரோரி எங்கே கற்றார், தொடக்கத்தில் எப்படிப் பிழைத்தார் என்பது தெரிந்தவர்கள் எழுதுங்கள். அந்த ஒலியை எப்படிக் கொண்டுவருவது என்றும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்:

தம்பி, உங்கள் குழுவின் மூத்தவரை நான் மறுத்துத்தான் ஆக வேண்டும். ரோரி உருவானதே நீங்கள் வாசிப்பதைப் போன்ற ஒரு குழுவில்தான்.

அவர் 1948 மார்ச் 2ஆம் நாள் டோனிகால் மாவட்டத்தின் பாலிஷானன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அக்கார்டியன் வாசிப்பவர். தாய் பாடுவார், நாடகங்களில் நடிப்பார். பிறகு குடும்பம் கோர்க் நகரில் குடியேறியது. ஒன்பது வயதில் கைக்கு வந்த கித்தாரைப் புத்தகங்களைப் பார்த்தும் வானொலியைக் கேட்டும் தாமாகவே கற்றுக்கொண்டார். அமெரிக்கப் படையினருக்கான வானொலி ஒலிபரப்பில்தான், அமெரிக்கக் கருப்பின மக்களின் இசையான ப்ளூஸ் அவருடைய காதில் விழுந்தது.

1963இல், பதினைந்து வயதில், கோர்க்கில் இருந்த குரோலி இசைக்கருவிக் கடையில் 1961ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் என்ற மின்கித்தார் ஒன்றைப் பார்த்தார். வேறோர் இசைக்குழுக் கலைஞர் சிவப்பு நிறத்தில் கேட்டு, நிறம் மாறி வந்துவிட்டதால் திருப்பிக் கொடுத்த கருவி அது. விலை ஏறக்குறைய நூறு பவுண்டு. அந்தக் குடும்பத்துக்கு அது பெருந்தொகை. இந்தக் கித்தார் இருந்தால் தாளப் பகுதியையும் தனி வாசிப்பையும் நான் ஒருவனே வாசித்துவிடுவேன், குழுவுக்கு இன்னொரு கித்தார்க்காரர் தேவைப்படாது, செலவு மிச்சம் என்று தாயிடம் கணக்குச் சொல்லிச் சம்மதம் வாங்கினாராம். மேடையில் மூவர் வாசித்தும் மண்டபம் நிறைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதன் தொடக்கத்தை நான் அந்தக் கணக்கில்தான் காண்கிறேன்.

கித்தாரைக் கடனுக்கு வாங்கியாயிற்று; தவணையைக் கட்ட வேண்டுமே! அந்த ஆண்டே ஃபொண்டானா என்ற நடன மண்டபக் குழுவில் சேர்ந்தார். சீருடைக் கோட்டு அணிந்து, அன்றைக்குப் பிரபலமாக இருந்த பாடல்களை இரவு முழுக்க மூலத்தைப் போலவே வாசிக்க வேண்டிய வேலை அது. ஈஸ்டருக்கு முந்தைய கிறிஸ்தவ நோன்புக் காலமான தவக்காலம் வந்தால் அயர்லாந்தில் நடன மண்டபங்களை மூடிவிடுவார்கள். அந்நாட்களில் குழுக்கள் கடல் கடந்து இங்கிலாந்தில் வாழும் ஐரிஷ் மக்களின் மண்டபங்களுக்குப் பிழைப்புத் தேடிப் போகும். ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லாமல் நம் வாத்தியக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதை நான் எத்தனையோ ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன்; ஆகவே அந்தச் செய்தியைப் படித்தபோது அவர் எனக்குத் தோட்டத்தில் பக்கத்து லயத்துப் பையனாகவே தெரிந்தார். ப்ளூஸ் பருத்தித் தோட்டத்தில் பிறந்தது, நாமும் தோட்டத்தில் பிறந்தோம் என்று பலர் ஒப்பிடுவார்கள். எனக்கு அதைவிட அந்தத் தவணைப் பணமும் மூடிய மண்டபமும்தான் நெருக்கமாகப் படுகின்றன.

இம்பாக்ட் என்று பெயர் மாற்றிக்கொண்ட அக்குழுவுடன் ஸ்பெயினுக்கும், பின்னர் ஜெர்மனியின் ஹம்பர்க் நகருக்கும் சென்றார். 1966இல் டேஸ்ட் என்ற மூவர் குழுவைத் தொடங்கினார். 1968இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் கிரீம் என்ற ஆங்கில ராக் குழுவின் பிரியாவிடைக் கச்சேரியிலும், 1970இல் இங்கிலாந்தின் வைட் தீவு இசைத் திருவிழாவிலும் டேஸ்ட் வாசித்தது. அவ்வாண்டு இறுதியில் குழு கலைந்தது. 1971இலிருந்து தம் சொந்தப் பெயரில் இயங்கினார். ஒற்றைப் பாடல் தட்டுகளை வெளியிட்டுப் பெயர் தேடும் வழியை அவர் விரும்பவில்லை. ஆகவே மேடைதான் அவருடைய வாழ்வாயிற்று.

க்ளுவாங் கித்தார் பழுதுபார்ப்பவர்:

ஆசிரியர் ஐயா சொன்ன அந்தக் கருவியைப் பற்றி நான் எழுதுகிறேன். டப்ளினில் அது ஒருமுறை திருடுபோய், சில நாட்களுக்குப் பிறகு மழையில் நனைந்தபடி ஒரு பள்ளத்தில் கண்டெடுக்கப்பட்டது. ஆனால் அதன் வண்ணப்பூச்சு உரிந்ததற்கு அந்த மழையைவிட அவருடைய வியர்வையே பெரிய காரணம் என்பார்கள். படங்களை உற்றுப் பாருங்கள்: உடலின் பெரும்பகுதியில் வெறும் மரம் தெரிகிறது, கழுத்தில் உதிர்ந்த வெள்ளைப் புள்ளிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று பதிந்திருக்கிறது, முறுக்காணிகள் ஆறில் ஒன்று மற்ற ஐந்துடன் ஒத்துப்போகாதது. கழுத்து மரம் வியர்வையை உறிஞ்சி வளைந்துபோனபோது, அதைக் கழற்றிச் சில காலம் ஆறவிட்டு, மரம் நேரான பின் மறுபடியும் பொருத்தினார்கள். நம் நாட்டுப் புழுக்கத்தில் மரம் படும் பாட்டை நாள்தோறும் பார்ப்பவன் நான். இன்னொருவராக இருந்தால் புதுக் கழுத்து வாங்கியிருப்பார்.

ஒலியைப் பொறுத்தவரை, தொடக்க ஆண்டுகளில் அவர் வைத்திருந்தவை வாக்ஸ் ஏசி முப்பது என்ற கித்தார் பெருக்கியும் (ஆம்ப்), மேல்சுரங்களைத் தூக்கிக் காட்டும் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சிறிய பெட்டியும்தான். ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெட்டிகளை வரிசையாக வாங்கி அடுக்காதீர்கள், தம்பி. பெருக்கியை உரக்க வைத்துவிட்டு, கித்தாரில் உள்ள ஒலித்திருகியைச் சுண்டுவிரலால் ஏற்றி இறக்கிப் பழகுங்கள். இறக்கினால் ஒலி தெளியும், ஏற்றினால் கரகரக்கும். விரலில் குழாய் மாட்டி வாசிப்பதற்கும், தந்திகளின் சுருதியை மாற்றி வைப்பதற்கும் பிறகு வரலாம்.

தெலுக் இந்தான் தாதி:

நான் இசை கற்றவள் அல்லள்; என் அண்ணன் அவருடைய ரசிகர். குடித்தே செத்தார் என்று ஒரே வரியில் அவருடைய முடிவைச் சொல்லிக் கடந்துவிடுவதை நான் பல இடங்களில் படித்து வருந்தியிருக்கிறேன். அவருக்கு விமானப் பயணம் என்றால் பெரும் அச்சம். ஓயாமல் பறந்து வாசிக்க வேண்டிய வாழ்க்கையில் அந்த அச்சத்துக்காக மருத்துவர்கள் கொடுத்த மாத்திரைகளும் மதுவும் சேர்ந்தே கல்லீரலைக் கெடுத்தன. 1995இல் லண்டனில் மாற்றுக் கல்லீரல் பொருத்தினார்கள். அதன் பின்னர் ஏற்பட்ட கிருமித் தொற்றினால் ஜூன் 14ஆம் நாள் இறந்தார். வயது 47. மாற்று உறுப்பை உடல் ஏற்பதற்காகக் கொடுக்கும் மருந்து நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைத்துவிடும். அந்நிலையில் வரும் தொற்று எவ்வளவு கொடியது என்பதை வார்டில் வேலை செய்பவர்கள் அறிவார்கள். அந்த மனிதரைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பகாவ் கித்தார்க்காரன்:

ஐயா, அண்ணா, அக்கா, மூவருக்கும் நன்றி. தவக்காலச் செய்தியை எங்கள் குழுவின் மூத்தவரிடம் படித்துக் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, வரவேற்பு விருந்தில் சாப்பாடு பரிமாறும் நேரத்தில் பத்து நிமிடம் உன் இஷ்டம்போல வாசித்துக்கொள் என்றார். அதற்கு முன்பாக எந்தப் பதிவை நான் கவனமாகக் கேட்க வேண்டும், ஐயா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்:

தயங்காமல் சொல்வேன்: 'ஐரிஷ் டூர் 74'. பெல்ஃபாஸ்ட், டப்ளின், கோர்க் ஆகிய நகரங்களில் 1974 ஜனவரியில் நடந்த கச்சேரிகளில் பதிவானது. வட அயர்லாந்தில் மோதல் நடந்துகொண்டிருந்ததால், வெடிகுண்டுகளுக்கு அஞ்சிப் பிற கலைஞர்கள் பெல்ஃபாஸ்டைத் தவிர்த்த காலத்தில் அவர் தவறாமல் அங்கே சென்று வாசித்தார். அம்மக்கள் இன்றும் அதை மறக்கவில்லை. அடுத்த ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற புகழ்பெற்ற ஆங்கில ராக் குழுவினர் அழைத்து, ரோட்டர்டாமில் அவர்களுடன் சில நாட்கள் வாசித்துப் பார்த்த பின்னரும், ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த ஜப்பான் கச்சேரிகளுக்காகப் புறப்பட்டுவிட்டார். ஒப்புக்கொண்ட கச்சேரிக்குப் போய்விடுவது என்பதும் மண்டபக் குழுவில் கற்ற பழக்கம்தான் என்று நான் நினைக்கிறேன்.

அந்தத் தொகுப்பில் நீண்டு செல்லும் மெதுவான பாடல் ஒன்று உண்டு. அதன் நடுவே இசை படிப்படியாகத் தணிந்து, ஏறக்குறைய அடங்கிவிடும் இடம் வரும். பழுதுபார்க்கும் தம்பி சொன்ன ஒலித்திருகியை அவர் என்ன செய்கிறார் என்று அங்கே கேளுங்கள். சாப்பாட்டு நேரத்துப் பத்து நிமிடத்துக்கு அந்த ஓரிடமே போதும்; தட்டு, கரண்டிச் சத்தம் உங்களுக்குக் கேட்கும் அளவுக்கு மெதுவாக வாசித்துப் பாருங்கள்.